திரும்பாத கேமரா

“தையல் ஹால் கேமரா பொம்பளைங்க ஓய்வறைப் பக்கம் திரும்ப மாட்டேங்குது. சரி பண்ணு!” என்று மேனேஜர் எரிந்து விழுந்தார்.

“ஓய்வறையில என்ன சார் திருட்டுப் போகுது?” என்றாள் மெக்கானிக் பெண்.

“சொன்னதைச் செய்.”

பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறியவள், ஜாய்ஸ்டிக் எந்தக் கேமராவைத் திருப்ப வேண்டும் என்று காட்டும், கேமராவுக்குள் இருந்த நம்பரை மாற்றி வைத்தாள்.

மேனேஜர் தன் அறையில் உட்கார்ந்து, கேமராவைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினார். ஓய்வறை மானிட்டரில் வந்து நின்றது. அவருக்கு முகமெல்லாம் பல்.

உடனே போன் அடித்தது. முதலாளி கத்தினார். “யோவ், உன் மானிட்டர்ல என்னய்யா பொம்பளைங்க ரூம் ஓடுது?”

மேனேஜர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எப்போதும் அறை வாசலைப் பார்த்திருக்கும், அவர் தலைக்கு மேலிருந்த கேமரா இப்போது அவரையும் மானிட்டரையுமே முறைத்துக்கொண்டிருந்தது.

“ரெண்டு கேமராவுக்கும் ஒரே நம்பர் வெச்சிட்டேன் சார். ஹால் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினா, உங்க ரூம் கேமராவும் உங்க பக்கம் திரும்பும், முதலாளி ரூம்ல தெரியும்,” என்றாள் வாசலில் வந்து நின்ற மெக்கானிக் பெண். “இனி தாராளமாத் திருப்புங்க!”