நாலு பேரும் வேலை தேடுகிறார்கள்

பார்சல் ஆபீஸ் மேனேஜர் டேப் சுருள் தேடித்தான் தன் அறையை விட்டு வெளியே வந்தார். கண்ணில் பட்டதோ புக்கிங் அக்காவின் கம்ப்யூட்டர் திரை.

‘வேலைவாய்ப்பு: புதியவை 6’

மேனேஜருக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷமாக இருக்கிறவள்! பார்சலைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுகிறவள்!

டெலிவரிக்குப் போகும் மீசைக்காரரிடம் சொல்லிப் புலம்பலாம் என்று திரும்பினார். அவர் போனிலும் அதே பட்டியல். குடோன்காரர் போனிலும் அதே. விசாரணைக் கவுண்டர் பெண் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி, “அக்கா, என்னோட பத்து சைட்லயும் இன்னிக்கு ஒண்ணும் தேறலை” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆக, மொத்தக் கிளையும் கிளம்புகிறது.

பல சைட்டுகளின் புதுச் செய்திகளை ஒரே பட்டியலாகத் திரட்டித் தரும் இந்த ‘ஃபீட்’ பைத்தியத்தை ஆபீஸில் பரப்பியதே புக்கிங் அக்காதான். மேனேஜருக்கும் ஒரு தடவை பாடம் நடந்திருக்கிறது.

“ஒவ்வொரு சைட்டா போய்த் தேட வேண்டாம் சார். ஃபீட் போட்டு வெச்சுட்டா, புதுசா வர்றதெல்லாம் ஒரே இடத்துல வந்து நிக்கும். நம்ம பார்சல் மாதிரிதான். வீட்டுக்கே வந்துடும்.”

“போட்டேனேம்மா. ஒரே வாரத்துல மூவாயிரம் வந்து குவிஞ்சுது. மொத்தத்தையும் அழிச்சுட்டேன்.”

“கண்டதுக்கெல்லாம் போட்டா குவியத்தான் செய்யும். வேண்டிய நாலு சைட்டுக்கு மட்டும் போடுங்க. எந்த வார்த்தை இருந்தா வரணும்னு வடிகட்டி வைங்க.”

அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இவர்கள் வாங்கிக்கொண்ட லட்சணம் இப்போதல்லவா தெரிகிறது!

கத்தலாமா என்று யோசித்தார். கத்தினால் நாளைக்கே போய்விடுவார்கள். அவ்வளவு பார்சலையும் அவர் ஒருத்தரே கட்டி, ஒட்டி, ஏற்ற முடியுமா? மேனேஜர் ரூட்டை மாற்றினார்.

எட்டு மாசமாக முனகிக்கொண்டிருந்த மின்விசிறி மறுநாளே மாறியது. குடோன்காரருக்கு முதுகு சாய்க்கிற நாற்காலி வந்தது. மீசைக்காரர் அரை நாள் லீவு கேட்டார்.

“அரை நாள் போதுமா? ரெண்டு நாளா எடுத்துக்கோங்களேன்.”

மீசைக்காரர் பயந்துபோய், லீவே வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டார்.

“சாருக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு போலிருக்கு” என்றார் மற்றவர்களிடம்.

“தெரிஞ்சா இப்படியா சிரிச்சுக்கிட்டு இருப்பார்?” என்றாள் கவுண்டர் பெண்.

மேனேஜர் ஒரு வாரம் தாங்கினார். மின்விசிறிக்கும் நாற்காலிக்கும் யாரும் மசியவில்லை. சாப்பாட்டு நேரத்து ஃபீட் படிப்பு நின்றபாடில்லை. வெள்ளிக்கிழமை மதியம் லாரி கிளம்பியதும் நால்வரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“எத்தனை நாளா நடக்குது இது?”

“எது சார்?”

“எனக்கு எல்லாம் தெரியும். என்கிட்ட என்ன குறை கண்டீங்க? கோபத்துல ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், இல்லேங்கலை. அதுக்காக மொத்தமா கிளம்புறதா? உங்க யாரையும் நான் வேத்து ஆளா நினைச்சதே இல்லம்மா.”

உடனே அதட்டலுக்குத் தாவினார்.

“சரி, தேடுறதையாவது ஒழுங்காத் தேடுறீங்களா? நேத்து பிரிண்டர்லயே ஒரு விளம்பரத்தை விட்டுட்டுப் போயிருக்கீங்க. கிளை மேலாளர் வேலை. இருபத்தஞ்சு வருஷ அனுபவம் கேட்டிருக்கான்! உங்கள்ல யாருக்கு இருக்கு அவ்வளவு அனுபவம்? ஆசைக்கும் ஒரு அளவு வேண்டாமா?”

“அது எங்களுக்காகப் பார்த்தது இல்ல சார்” என்றார் குடோன்காரர்.

“பின்னே?”

புக்கிங் அக்கா தன் போனை மேஜை மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். அவர்கள் கம்பெனி சைட்டின் ஃபீட். மூன்று வாரத்துக்கு முந்தைய அறிவிப்பு. அடுத்த மாதக் கடைசியிலிருந்து இந்த வட்டாரத்து நான்கு கிளைகளுக்கும் சேர்த்து ஒரே மேலாளர். போட்டிருந்த பெயர் வேறு யாருடையதோ. மற்ற ஊழியர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை.

“எனக்கு யாருமே சொல்லலையே...”

“லெட்டர் இந்த மாசக் கடைசியிலதான் வருமாம் சார்” என்றாள் அக்கா. “எங்களுக்கு அன்னிக்கே தெரியும். வெறும் நோயை மட்டும் சொல்லிட்டு எப்படி நிக்கிறது? மருந்து கையில கிடைக்கட்டும்னு இருந்தோம். ஆளுக்குப் பத்து சைட்டா பிரிச்சுக்கிட்டு, ‘கிளை மேலாளர்’னு வடிகட்டி வெச்சு, உங்களுக்குத்தான் சார் தேடினோம்.”

“கிடைச்சுடுச்சு சார்!” மீசைக்காரருக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “நீங்க பிரிண்டர்ல பார்த்தீங்களே, அதான். நம்ம எதிர்ல இருக்கிற பார்சல் கம்பெனி. காலைல டெலிவரிக்குப் போனப்ப நேர்லயே விசாரிச்சுட்டேன். ‘அந்தக் கோபக்காரரா? அவர் கையில ஒரு பார்சல்கூடத் தொலைஞ்சதில்லையே, உடனே எழுதிப் போடச் சொல்லுங்க’ன்னாங்க.”

கவுண்டர் பெண் விண்ணப்பத்தை நீட்டினாள். முத்து முத்தான எழுத்தில் எல்லாம் நிரப்பியிருந்தது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

“சார், கடைசித் தேதி இன்னிக்குதான். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்” என்றாள் புக்கிங் அக்கா. “சீக்கிரமா அழுது முடிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க.”