நலங்கு மஞ்சள்

பழைய நாணயங்களுக்கு எழுபதுக்கு இத்தனை என்று எண் போட்டவர்கள் இப்போது மணமக்களுக்கும் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு அறுபத்தெட்டு. மணமேடையில் மணப்பெண் குழலியின் கன்னத்தை லென்ஸில் பார்த்த மதிப்பீட்டாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"தேய்ச்சுச் சுத்தம் பண்ணின காசுக்கு நாங்க எண் போடறதில்ல."

"நலங்குக்கு மஞ்சள் பூசினது ஒரு குத்தமாய்யா?" என்றார் அவள் அப்பா அம்பலவாணர்.

"அப்ப எங்க பையனுக்குச் செல்லாக்காசா?" என்று சம்பந்தி சிரித்தார்.

அந்த வீட்டுப் பெண்ணை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அம்பலவாணர் குத்துவிளக்கைத் தூக்கி மாப்பிள்ளையின் முகத்தில் ஓங்கி அடித்தார். மூக்கு நொறுங்கி, பட்டு வேட்டியெல்லாம் ரத்தம்.

மதிப்பீட்டாளர் குனிந்து லென்ஸைப் பிடித்தார். "முகப்பில சேதம். இவருக்கும் எண் கிடையாது."

அம்பலவாணர் விளக்கைத் துடைத்து, இருந்த இடத்திலேயே நிமிர்த்தி வைத்தார்.

"ஜோடி சரியாப் போச்சு சம்பந்தி. கெட்டிமேளம் கொட்டச் சொல்லுங்க."