பதினஞ்சா, நாப்பத்தஞ்சா?

"நந்தினி, இந்தப் போனைக் கொஞ்சம்..."

"அப்பா! ஷிஃப்ட்ல இருக்கேன்ல? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. எல்லாம் சரியாயிடும்."

"என்னன்னே நீ கேக்கலியேம்மா."

"என்னவா இருந்தாலும் அதான்."

மணிவேல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

நந்தினி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மண்டபத்தூர் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. கடல் காற்று, அலை நிலவரம் சொல்லும் வெப்சைட் நடத்துகிற கம்பெனி அது. சைட் திறக்கவில்லை, பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று புலம்பிக்கொண்டு வருகிறவர்களுக்கு சாட்டில் பதில் எழுத வேண்டும்.

பொறுமைக்குப் பேர்போனவள். 'இந்த மாதத்தின் பொறுமைசாலி' என்று கம்பெனி கொடுத்த சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. ஆணி அடித்து மாட்டியவர் மணிவேல்தான். ஆனால் அந்தப் பொறுமை மொத்தமும் ஏற்றுமதி ரகம். உள்ளூர் விற்பனைக்குக் கிடையாது.

காலையில்கூட ஒருவர் வெகுநேரம் உயிரை வாங்கினார். கடைசியில் பார்த்தால் போன் ஏரோப்பிளேன் மோடில் கிடந்தது. "பரவாயில்லைங்க சார், எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்று எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மையும் சேர்த்து அனுப்பினாள். போன வாரம் இதே தப்பை மணிவேல் செய்தபோது, "உங்களுக்கெல்லாம் எதுக்குப்பா டச் போன்?" என்று கேட்டாள். பொம்மை எதுவும் சேர்க்கவில்லை.

டிங்! புது சாட். வந்தவர் பெயர் போடவில்லை.

"மேடம் வணக்கம். டைப் பண்ண வராது, மைக்கை அமுக்கிப் பேசுறேன். நீங்க எழுதுறதைப் போனே படிச்சுச் சொல்லுது. கடைக்காரரு அப்புடி வச்சுக் குடுத்தாரு."

"வணக்கம் ஐயா. என்ன பிரச்சினைன்னு நிதானமா சொல்லுங்க."

"உங்க சைட்டு மங்கலாத் தெரியுது மேடம்."

"பேஜை ஒரு தடவை ரீஃப்ரெஷ் பண்ணிப் பாருங்களேன்."

"பண்ணிட்டேன். மங்கல்தான்."

"பரவாயில்லை ஐயா. கேஷ் கிளியர் பண்ணிப் பாத்துடலாமா?"

"காசு கட்டணுமா மேடம்? இலவசம்னாங்களே!"

நந்தினி வாய்விட்டுச் சிரித்தாள். கோபமே வரவில்லை. அது அந்தக் கேஷ் இல்லை, போன் சேர்த்து வைத்திருக்கும் பழைய குப்பை என்று விளக்கினாள். எங்கே தொட வேண்டும், பிறகு எங்கே தொட வேண்டும் என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"மேடம், இப்பவும் மங்கல்தான். உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுக்குறேன்."

"அய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஐயா. இதுக்குத்தானே நான் இருக்கேன்?"

வேறு பிரவுசரில் திறக்கச் சொன்னாள். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். திரையைத் துணியால் துடைக்கவும் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏதாவது எரர் நம்பர் காட்டுதா ஐயா? நானூத்தி நாலு, ஐநூறு, அந்த மாதிரி?"

"நம்பர் இருக்கு மேடம். பதினஞ்சா, நாப்பத்தஞ்சான்னுதான் தெரியல."

இப்படி ஒரு எரரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. பிறகுதான் உறைத்தது. அது எரர் இல்லை, காற்றின் வேகம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்றால் போட்டை இறக்கலாம். நாற்பத்தைந்து என்றால் கரையை விட்டு நகரக்கூடாது. மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஐயா, தொழிலுக்குப் போறீங்களா?"

"ஆமா மேடம். தடைக்காலம் முடிஞ்சு நாளைக்குத்தான் போட்டு இறங்குது. நான்தான் ஓட்டணும்."

நந்தினி தன் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்தாள். பளிச்சென்று தெரிந்தது. கடலோரம் முழுக்க நாற்பத்தைந்து.

"நாப்பத்தஞ்சு ஐயா! நாளைக்குப் போகாதீங்க!"

"நல்லவேளை கேட்டேன். பதினஞ்சுன்னுல்ல நெனச்சேன்!"

அவள் அடுத்த கேள்வியைத் தட்டினாள்.

"ஐயா, எங்க சைட் மட்டும்தான் மங்கலா இருக்கா? வேற எதுவும் அப்படித் தெரியுதா?"

"எல்லாமேதான் மேடம். எதுத்தாப்புல வர்றவங்க மூஞ்சியே தெரியல. குரலை வச்சுத்தான் யாருன்னு கண்டுபிடிக்கிறேன்."

நந்தினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, இது சைட்டோட எரர் இல்லை. கண்ணுல புரை விழுந்திருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் போட்டைத் தொடவே தொடாதீங்க. உங்க வீட்ல யாருமே இல்லையா? இத்தனை நாளா ஒருத்தர்கூடவா கவனிக்கலை?"

கடைசி வரியைத் தட்டும்போது கீபோர்டு அதிர்ந்தது. இப்படியும் மனுஷங்க இருப்பாங்களா என்று, முன்பின் பார்க்காத அந்த வீட்டு ஆட்கள்மேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதில் வந்தது.

"பொண்ணு இருக்கு மேடம். மாடியில உக்காந்து உங்க கம்பெனி வேலைதான் பாக்குது, நந்தினின்னு பேரு. நான் போனைத் தூக்கிட்டுப் போனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுது. நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா? மேடம் சொன்னா கேக்கும்."