ஓடாத தலைமையாசிரியர்

பலெர்மோ துறைமுகத்தில் கப்பல் கடைசிச் சங்கை ஊதுகிறது. ஏறுபாலத்தின் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்குகிறார்கள். மோய்ரா மேல்தளக் கம்பியைப் பிடித்தபடி கரையை எட்டிப் பார்க்கிறாள். கீழே, மாலை வெயில் மின்னும் கல்தரையில், அவளுடைய அப்பா ரெஜினால்ட் காற்று வாங்கப் போனவர்போல நடந்து வருகிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குடும்பத்தில் மூன்று தலைமுறையையும் ஊர் சுற்றக் கூட்டிவந்தவர், வழிகாட்டிக்கு வரலாறு தெரியவில்லையென்று காலையில் தனியே பிரிந்து போனவர். பிந்தி ஓடிவருகிறவர்களைத் தினமும் இதே கம்பியருகில் நின்று கைதட்டிக் கேலி செய்தவரும் அவர்தான். இன்று மேல்தளமே கைகளைத் தயாராக வைத்திருக்கிறது. “வாத்தியாரே, மணி அடிச்சாச்சு!” என்று யாரோ கத்துகிறார்கள். அவர் நின்று, தொப்பியைச் சரிசெய்து, கப்பலின் பெயரை நிதானமாகப் படிக்கிறார்.

“தாத்தா ஏம்மா ஓடமாட்டேங்கிறாரு?” என்கிறாள் மகள் ஐலா. “எல்லாரும் பாக்குறாங்கல்ல, அதான். கப்பல் போனாலும் பரவால்ல, மானம் போயிடக் கூடாது அவருக்கு.” பாலம் ஒருமுறை குலுங்குகிறது. மோய்ரா கூட்டத்தின் பக்கம் திரும்புகிறாள். “உங்க கால்ல வேணா விழுறேன், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்களேன்!” முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கரைக்கு முதுகு காட்டுகிறார்கள். ஒரு கணம் கடற்பறவைகளின் சத்தம் மட்டும். பிறகு கீழே, கல்தரையில், தடதடவென்று பூட்ஸ் சத்தம்.