வெளிநாட்டுக்கு மட்டும் அடைத்த கதவு

வெப்சைட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிற பூட்டு, அதையும் மாட்டத் தெரியாத ஆளை எதற்கு வைத்திருக்கிறோம் என்று போதகர் ஜெயச்சந்திரன் போனில் கேட்டார். திருப்பதியில் தன் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருந்த ரமணாவின் காதிலிருந்து புகை வந்தது. பக்கத்துக் கடைக்காரர் தீயணைப்பு வண்டிக்கே சொல்லியனுப்பப் பார்த்தார்.

சித்தூர் சபையின் வெப்சைட்டைத் திறந்தால், மேலே 'பாதுகாப்பானது அல்ல' என்று காட்டியது. தேவனுடைய வீட்டு வாசலில் இப்படி ஒரு பலகையா என்று போதகர் கொதித்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ரமணாவை நீக்கிவிட்டு மெட்ராஸ் ஆள் ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிடுவார். போதகர் பேச்சைக் கேட்டு, குப்பம் ஊர் வரைக்கும் உள்ள சபைகளும் ரமணாவைக் கைகழுவிவிடும். அவன் பிழைப்பே அந்தச் சபைகள்தான்.

அவனும் சும்மா இல்லை. வெப்சைட் குடியிருக்கும் லினக்ஸ் சர்வரில் அவன் கட்டளை போடுவான். அந்தப் பூட்டை, அதாவது எஸ்.எஸ்.எல். சான்றிதழை, இலவசமாகக் கொடுப்பவர்கள் அமெரிக்காவிலிருந்து சபையின் சர்வரைத் தட்டிப் பார்ப்பார்கள். திறந்தால்தான் சான்றிதழ். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: தட்டினோம், யாரும் திறக்கவில்லை.

ரமணா தன் போனில் தட்டினால் திறந்தது. பாலசமுத்திரத்தில் இருந்த தம்பியைத் தட்டச் சொன்னான், மாட்டுக்கொட்டகையிலிருந்தே திறந்தது. அமெரிக்காக்காரனுக்கு மட்டும் திறக்கவில்லை.

கட்டளையை முன்பின்னாகப் போட்டான். சர்வரை அணைத்து எழுப்பினான். கடையில் மாட்டியிருந்த பெருமாள் படத்தைக்கூட நேராக்கிப் பார்த்தான். கடைசியில், சர்வருக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலுக்குள் நுழைந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இந்தியாவுக்கு வெளியிலிருந்து யார் வந்தாலும் விடாதே என்று யாரோ உள்ளே சுவர் எழுப்பியிருந்தார்கள்.

அவனைத் தவிர சர்வரின் பாஸ்வேர்டு தெரிந்தவர் ஒருவர்தான். சபைச் செயலாளர் இன்பசேகரன். டெலிபோன் இலாகாவில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன சபையார், செயலாளரை மாற்றுங்கள் என்று போன கிறிஸ்துமஸிலிருந்து அந்த வெப்சைட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரமாக அந்தச் சத்தமே இல்லை.

அடப்பாவி மனுஷா, என்று பல்லைக் கடித்தான் ரமணா.

சுவரை இடிக்க ஒரு நொடி போதும். ஆனால் ஆளை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் இடித்தால் கோபத்துக்கு என்ன மரியாதை? சித்தூர் பஸ் ஏறினான். அவன் விட்ட மூச்சுக்காற்றில் பஸ் இரண்டு ஸ்டாப்பில் நிற்காமலே போயிற்று.

இன்பசேகரன் வீட்டில் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தான்.

"இன்னா சார் இது? நாற்காலிக்காக நீங்க சுவரு வெச்சிக்கினு உக்காந்துருவீங்க, திட்டு மட்டும் நான் துன்னணுமா? இப்பவே பாஸ்டருக்குப் போன் போட்டு உங்க பேரைச் சொல்றேன்."

அவர் மறுக்கவில்லை. எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான்தான் வெச்சேன், நைனா. எம்பொண்ணு ஜெமிமா மெல்போர்ன்ல நிறைமாசமா இருக்கிறா. இதுக்கு முன்னால ரெண்டு தங்கலை. அவங்கம்மா போன வாரம் செத்துப்போனதை அவளுக்கு இன்னும் சொல்லலை."

ரமணா ஒற்றைச் செருப்போடு நின்றான்.

அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேசக் கூடாது என்று தினமும் மகளிடம் சொல்லிவருகிறாராம். சொந்தக்காரர்கள் வாயையெல்லாம் கட்டிவிட்டாராம். இந்த வெப்சைட்டின் வாயைத்தான் கட்ட முடியவில்லை. ஞாயிறு பள்ளியில் அவர் மனைவி கிரேஸ் டீச்சரிடம் படித்தவர்கள் முதல் பக்கத்திலேயே டீச்சர் படத்தைப் போட்டு, கீழே வரி வரியாக அழுதிருந்தார்கள். அதை எடுக்கச் சொல்ல இன்பசேகரனுக்கு மனசு வரவில்லை; மகள் கண்ணில் படாமலிருக்க வெளிநாட்டுக்கே கதவைச் சாத்திவிட்டார். போதகரிடம் சொன்னாலோ, பொய் பாவம் என்று பிரசங்கமே வைத்துவிடுவார்.

ரமணாவும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தான். யார் வீட்டு அம்மா என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

"குழந்தை பொறந்துட்டா அந்தச் சுவரை நானே எடுத்துடறேன். அப்புறம் நீ யார்கிட்ட வேணும்னாலும் என் பேரைச் சொல்லு," என்றார் இன்பசேகரன்.

ரமணாவின் போன் அடித்தது. போதகர். கோளாறு யாருடையது, கண்டுபிடித்தாயா இல்லையா என்று எடுத்ததுமே அதட்டினார்.

ரமணா தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கண்டுபிடிச்சிட்டேன் ஐயா, என்னுதுதான். கட்டளையைத் தப்பாப் போட்டு சர்வரையே கெடுத்து வெச்சிக்கீறேன். சரி பண்ண ஒரு மாசம் ஆகும். நடுவுல வேற யாராச்சும் கை வெச்சா மொத்தமும் போயிடும். அதுக்கப்புறம் நீங்க மெட்ராஸ் ஆளையே வெச்சிக்குங்க."