ஒரே உலை

ஈமக்காட்டில் தோண்டியெடுத்த படையல் கிண்ணம் ஆய்வுக்கூட மேசையில் நடுங்கியது. உயர்ந்த உலோகமென்று தேறினால் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டி, தேறாவிட்டால் சாக்குப்பை.

"பக்கத்தில் களிம்பேறிக் கிடக்கிறதே, சோறு அள்ளிய கரண்டி, அதையும் பாருங்கள். அப்போது என் தரம் தெரியும்," என்று அது உலோகக் கலவையை அளக்கும் கதிர்க்கருவியிடம் சொன்னது.

"பாரு அண்ணே, எனக்கென்ன பயம்?" என்றது கரண்டி.

கருவி இரண்டின் மேலும் கதிரைப் பாய்ச்சியது. பிறகு சொன்னது:

"இரண்டும் உயர்ந்த வெண்கலம். செம்பு, வெள்ளீயம், காரீயம் ஒவ்வொன்றும் இரண்டிலும் ஒரே அளவு. ஒரே உலையில் உருக்கி வார்த்திருக்கிறார்கள்."

"அப்போ நாம ஒருதாய்ப் பிள்ளைங்களா?" என்று கரண்டி சிரித்தது.

"கருவிக்கு வயசாகிவிட்டது," என்றது கிண்ணம்.

இரண்டையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். கரண்டி மேல் பட்டுவிடாமல் கிண்ணம் மூலைக்கு ஒதுங்கிக்கொண்டது.