கணக்குக் கேட்கப்பட்ட உண்டியல்

டிவிக்குக் கீழே இருந்த கேம் கன்சோலுக்கு அன்று ஒரே பிடிவாதம். பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரின் வாயை இன்றைக்கு அடைத்தே தீருவது என்று இருந்தது.

"உன்னை வாங்கின காசுல என்னை மாதிரி மூணு வாங்கியிருக்கலாம்," என்றது.

"வாங்கின அன்னிக்குச் சரி," என்றது கம்ப்யூட்டர். "அப்புறம்? உனக்கு ஒவ்வொரு கேமும் முழு விலை. கூட்டாளிகளோட ஆட மாசாமாசம் சந்தா வேற. எனக்குத் தள்ளுபடியிலேயே வண்டி ஓடுது."

"தீபாவளிக்கு உனக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வந்துச்சே, அது சும்மா வந்துச்சா?"

கம்ப்யூட்டரின் விசிறி உர்ரென்று சுற்றியது. கன்சோல் விடவில்லை. அலமாரியில் இருந்த மண் உண்டியலைக் கூப்பிட்டது.

"அண்ணே, நம்ம வீட்டுப் பையன் நிவேதன் எங்களுக்குச் செலவழிக்கிற காசெல்லாம் உங்க வயித்துலேர்ந்துதானே வருது. யாருக்குச் செலவு அதிகம்னு நீங்களே சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுப்பா. நான் போன வாரம்தான் வந்தேன்."

"முன்னாடி இருந்தவர்?"

"உனக்குப் புது கேம் வாங்க அவரை உடைச்சாங்க," என்றது கம்ப்யூட்டர்.

"அவருக்கும் முன்னாடி இருந்தவர்?"

கம்ப்யூட்டரின் குரல் இறங்கியது. "என் கார்டுக்கு."

உண்டியல் சுவரோரம் ஒண்டிக்கொண்டது. கன்சோல் அதைச் சமாதானப்படுத்தியது.

"சரி அண்ணே, போனது போகட்டும். இனிமே நீங்க சரியா கணக்கு வெச்சுக்கங்க. உங்களை உடைக்கிறதுக்கு முந்தின நாள் சொன்னாப் போதும்."